ஒரு துண்டுத் தகடு... நான்கு எண்கள்... 60 ஆண்டு மர்மம்! நொறுங்கிப்போன போர் விமானங்களை அடையாளம் காணும் துப்பறியும் கதை

பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் ரியூ என்று ஒரு பாறைத் தீவு இருக்கிறது. 1998 செப்டம்பரில் அதன் அருகே ழான்-க்ளோத் பியாங்கோ என்பவரின் மீன்பிடிப் படகு வலையை இழுத்தது. மீன்களோடு கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கைச்சங்கிலியும் வந்து விழுந்தது. படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பெயர்: அந்த்வான் து செந்த்-எக்சுபெரி.

தமிழில் 'குட்டி இளவரசன்' என்று வந்திருக்கும் புத்தகத்தை எழுதியவர். எழுத்தாளர் மட்டுமல்ல, விமானியும்கூட. 1944 ஜூலை 31 காலை, கோர்சிகா தீவிலிருந்து ஒற்றை ஆளாக ஓர் உளவு விமானத்தில் படம் எடுக்கக் கிளம்பினார். வயது 44. திரும்பி வரவே இல்லை. விமானம் எங்கே விழுந்தது, யாராவது சுட்டார்களா, இயந்திரக் கோளாறா, அவரே கடலுக்குள் செலுத்தினாரா... அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்ஸே பேசித் தீர்த்த கேள்வி அது.

சங்கிலி கிடைத்ததும் மர்மம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 'இவ்வளவு பெரிய கடலில் இவ்வளவு சின்னச் சங்கிலி வலையில் மாட்டுமா? இது போலி' என்று கிளம்பினார்கள் சிலர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சங்கிலியை யார் வேண்டுமானாலும் கடலில் போடலாம். விமானத்தைப் போட முடியாதே!

அந்த விமானத்தைக் காட்டிக் கொடுத்தது ஓர் எண். லுக் வான்ரெல் என்ற மார்செய் நகர முக்குளிப்பு வீரர், அதே பகுதியில் கடலடியில் கிடந்த உலோகச் சிதறல்களை 2000-ல் வெளி உலகுக்குச் சொன்னார். அனுமதி வாங்கி, 2003-ல் சில பாகங்களை மேலே கொண்டுவந்தார்கள். கழுவிப் பார்த்தபோது ஒரு பாகத்தில் 2734 என்று பொறித்திருந்தது. பக்கத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து. இடது பக்கம் என்பதற்கான குறி அது. அமெரிக்காவின் லாக்ஹீட் தொழிற்சாலை, தான் தயாரித்த பி-38 விமானங்களுக்குக் கொடுத்த வரிசை எண்தான் 2734. பழைய பதிவேடுகளில் தேடினால், அந்தத் தொழிற்சாலை எண்ணுக்கு நேரே இருந்த ராணுவ எண் 42-68223. செந்த்-எக்சுபெரி கடைசியாக ஏறிப்போன அதே விமானம்.

2004 ஏப்ரலில் செய்தி அதிகாரபூர்வமாக வெளியானது. 60 ஆண்டுப் புதிர், நான்கு இலக்கத்தில் அவிழ்ந்தது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அதே இடத்தில் இன்னொரு இன்ஜினும் கிடந்தது. அது அமெரிக்க இன்ஜின் அல்ல. ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் தயாரித்த, 12 சிலிண்டர் கொண்ட போர் விமான இன்ஜின்!

அது யாருடையது? அதைப் பார்ப்பதற்கு முன்னால், இப்படி உடைந்து கிடக்கும் ஜெர்மன் விமானங்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சேஸிஸ் நம்பர் என்ன?

செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆர்.சி. புக்கில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஆராய்கிறவர்களும் பல நேரம் இதே பென்சில் வித்தையைத்தான் செய்கிறார்கள்.

ஜெர்மன் விமானம் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் கொடுக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் 'வெர்க்நம்மர்' என்பார்கள். விமானத்தின் உடல் பகுதியில் ஆணி அடித்துப் பொருத்திய சிறு உலோகத் தகட்டில் விமானத்தின் வகை, தயாரித்த நிறுவனம், இந்த எண் எல்லாம் இருக்கும். அந்தத் தகடு கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்னை.

பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் மூக்கு குத்தி விழும் விமானத்தில் இறக்கையும் வாலும் அப்பளமாக நொறுங்கிச் சிதறிவிடும். கனமான இன்ஜின் மட்டும் மண்ணைத் துளைத்துக்கொண்டு பல மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். மேலே கிடந்த உலோகத்தைப் போர்க்காலத்திலேயே அள்ளிக்கொண்டு போய் உருக்கிவிட்டார்கள். நினைவுப் பொருளாகத் தகட்டைக் கழற்றி எடுத்துப்போனவர்களும் உண்டு. ஆக, 80 ஆண்டுகள் கழித்துத் தோண்டுகிறவருக்கு மிஞ்சுவது நசுங்கிய ரேடியேட்டர், வளைந்த சக்கரக் கால், உடைந்த பம்ப், ஆக்ஸிஜன் பாட்டில் இப்படிச் சில்லறைகள்தான்.

நல்லவேளையாக, அன்றைய ஜெர்மன் தொழிற்சாலைகளில் எண் இல்லாத பாகத்தைப் பார்ப்பதே அரிது. சின்னச் சின்னப் பாகத்துக்கும் தனித் தகடு, தனி முத்திரை. பாகங்களை வெவ்வேறு நிறுவனங்கள் செய்து அனுப்பின. எது எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள் என்று தெரிய வேண்டுமே! நிர்வாகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. இன்று அதுவே வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பிடிகயிறு.

எண்ணைப் படிக்கும் கலை

ஒரு தகட்டில் '8-109' என்று இருந்தால் என்ன அர்த்தம்? முதலில் வரும் 8 என்பது 'இது விமான உடல் சம்பந்தப்பட்டது' என்ற ஜெர்மன் விமானத்துறை அமைச்சகத்தின் குறியீடு. 109 என்பது வகை. அதாவது, ஹிட்லரின் விமானப்படையில் அதிக எண்ணிக்கையில் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானம். '8-190' என்றால் ஃபோக்கெ-வுல்ஃப் 190. '8-88' என்றால் யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானம்.

8-க்குப் பதில் 9 என்று ஆரம்பித்தால் அது இன்ஜின். '9-605' என்றால் டெய்ம்லர்-பென்ஸ் 605. '9-801' என்றால் பி.எம்.டபிள்யூ. 801. ஆம், இன்று கார் விற்கும் அதே பி.எம்.டபிள்யூ.தான்.

இதில் புதியவர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. '109-004' என்று ஒரு தகடு கிடைத்தால், '109... ஆஹா, மெஸ்ஸர்ஷ்மிட்!' என்று துள்ளத் தோன்றும். ஆனால், ஜெட் இன்ஜின்களுக்கும் ராக்கெட் இன்ஜின்களுக்கும் அமைச்சகம் கொடுத்த முன்குறி 109. அந்தத் தகடு, உலகின் முதல் ஜெட் போர் விமானங்களில் ஒன்றான மெ 262-ல் இருந்த யூமோ 004 இன்ஜினுக்குரியது. மூன்று இலக்கம் ஒன்றே, விமானம் வேறு.

இன்ஜினை வைத்து விமானத்தைச் சொல்லிவிட முடியுமா என்றால், அதுவும் சிக்கல். டெய்ம்லர்-பென்ஸ் 605 இன்ஜின், ஒற்றை இன்ஜின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-லும் இருந்தது; இரட்டை இன்ஜின் மெஸ்ஸர்ஷ்மிட் 110-லும் இருந்தது. யூமோ 211 என்றால் ஸ்டூக்காவாக இருக்கலாம், யுங்கர்ஸ் 88 ஆக இருக்கலாம், ஹெய்ன்கெல் 111 ஆகவும் இருக்கலாம். ஒரு தகடு பேசுவது ஒரு வாக்கியம் மட்டும்தான். பத்துத் தகடுகளைச் சேர்த்து வைத்தால்தான் பத்தி உருவாகும்.

தயாரித்த நிறுவனத்தின் பெயரும் நேரடியாக இருக்காது. போர் தொடங்கிய பிறகு, எந்தத் தொழிற்சாலை எதைச் செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, பெயருக்குப் பதில் ரகசிய எழுத்துகளைப் பொறித்தார்கள். உதாரணமாக, 'பி.ஒய்.எஃப்.' என்ற மூன்று சிறிய எழுத்துகள் இருந்தால் அது ஓபெர்ன்டார்ஃப் நகரிலிருந்த மௌஸர் ஆயுதத் தொழிற்சாலை. அன்றைக்கு ரகசியமாக இருந்த இந்தக் குறியீட்டுப் பட்டியல், இன்று ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

இதையெல்லாம் படிக்க, முதலில் எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். காற்றுப் புகாத களிமண்ணில் புதைந்த அலுமினியத் தகடு, பெயின்ட்கூடக் கலையாமல் வரும். கடலில் விழுந்தால் கதையே வேறு. எடை குறைய வேண்டும் என்று மக்னீசியக் கலவையில் செய்த பாகங்களை உப்புத் தண்ணீர் முதலில் தின்றுவிடும். கிடைத்த தகட்டைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதுதான் ஆர்வக்கோளாறுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. அழுக்கோடு எண்ணும் போய்விடும். மெல்லக் கழுவி, இருட்டில் வைத்து, பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்தால் போதும். பள்ளமான எழுத்துகளில் நிழல் விழுந்து எண் தானாக எழுந்து வரும். கையிலிருக்கும் செல்போன் டார்ச்சே தாராளம். வீட்டிலிருக்கும் பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரத்தில் பொறித்த பெயரை இப்படிப் படித்துப் பாருங்கள், தெரியும்.

அரிவாள்மனை சிக்கல்

பாட்டி வீட்டு அரிவாள்மனைக்குக் கட்டை இரண்டு முறை மாற்றியாயிற்று, அலகு மூன்று முறை மாற்றியாயிற்று. ஆனாலும் அது பாட்டியின் அரிவாள்மனைதான். போர் விமானங்களும் அப்படித்தான். ஓடுதளத்தில் வயிற்றில் இறங்கிய விமானத்துக்கு வேறொரு விமானத்தின் இறக்கையைக் கழற்றி மாட்டினார்கள். இன்ஜின்கள் சில மாதங்களுக்கு ஒருமுறைகூட மாறின. அதனால், இறக்கைத் தகட்டில் ஓர் எண்ணும் வால் தகட்டில் வேறு எண்ணும் இருப்பது சகஜம்.

'இறக்கையில் இந்த எண் இருக்கிறது, ஆகவே விமானம் இதுதான்' என்று அவசரப்பட்டு அறிவித்து, பிறகு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நிதானமான ஆய்வாளர், பொருத்திய பாகத்தின் எண்ணையும் விமானத்தின் எண்ணையும் ஒருபோதும் ஒன்றாக எண்ணுவதில்லை.

சரி, விமானத்தின் எண்ணே கிடைத்துவிட்டது. பிறகு? காகிதம் வேண்டும்.

ஜெர்மன் விமானப்படையின் தலைமை அலுவலகம், தான் இழந்த விமானங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது. தேதி, படைப்பிரிவு, விழுந்த இடம், காரணம், விமான வகை, வெர்க்நம்மர், சேதம் எத்தனை சதவிகிதம், விமானியின் பெயர், அவர் கதி என்ன என்று வரி வரியாக. போரின் முடிவில் ஜெர்மன் விமானப்படை தன் ஆவணங்களில் பெரும்பகுதியைத் தானே எரித்தது. இந்தப் பட்டியலின் ஒரு பகுதி தப்பிப் பிழைத்தது. 1940 முதல் 1943 வரையிலான பக்கங்கள் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் கைகொடுக்கின்றன. விமானங்கள் ஈசல் போல விழுந்த கடைசிக் கட்டத்துக்குத்தான் பக்கங்கள் பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்துச் சிதறல் கிடைத்தால், எண் தெளிவாக இருந்தும் பெயர் தெரியாமல் போகலாம்.

பிரிட்டன் தரப்பிலும் காகிதம் உண்டு. ஜெர்மன் விமானம் எங்கே விழுந்தாலும், பிரிட்டிஷ் விமானப்படை உளவுப் பிரிவின் அதிகாரிகள் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய் நின்றார்கள். அவர்கள் முதலில் தேடியதும் தகடுகளைத்தான். புது வகை இன்ஜினா, புதுத் துப்பாக்கியா, எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம் என்று குறித்துக்கொண்டார்கள். இன்று ஒருவர் வயலில் தோண்டி எடுக்கும் தகட்டின் எண், 1940-ல் ஓர் அதிகாரி மழையில் நனைந்தபடி குறித்த எண்ணோடு பொருந்தும்போது, அடையாளம் கிட்டத்தட்ட உறுதி.

உடலில் பெரிதாக எழுதிய எழுத்துகளும் உதவும். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டில் தலைகீழாகக் கிடந்த டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானத்தை 2013 ஜூனில் தூக்கியது பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம். அந்த வகையில் உலகில் அநேகமாக எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1940 ஆகஸ்ட் 26 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட '5கே+ஏஆர்' விமானமாக அது இருக்கலாம் என்று பதிவுகளை வைத்துக் கணித்திருந்தார்கள். 5கே என்பது மூன்றாம் குண்டுவீச்சுப் படை. ஏ என்பது அந்த விமானத்தின் தனி எழுத்து. ஆர் என்பது ஏழாவது அணி. அந்த விமானத்தில் போன நான்கு பேரில் இருவர் பிழைத்துக் கைதிகளானார்கள், இருவர் இறந்தார்கள்.

தூக்கியதைவிடப் பெரிய வேலை, அதைச் சுத்தம் செய்தது. 70 ஆண்டு உப்பில் ஊறிய அலுமினியத்தைக் காற்றில் அப்படியே விட்டால் பொடிந்துவிடும். பெரிய கூடாரங்கள் அமைத்து, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் கலந்த நீரை மாதக்கணக்கில் பனித்தூறலாகத் தெளித்தார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவது போலத்தான். தேய்ப்பது மட்டும் கூடாது.

தகடு சொன்ன இன்னொரு கணக்கு

இந்த எண்களை வைத்து ஒரு விமானத்தின் பெயரைத்தான் கண்டுபிடிக்க முடியும் என்றில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே இவற்றை வைத்து எதிரியின் உற்பத்தியையே எண்ணியிருக்கிறார்கள்.

1943-ன் தொடக்கத்தில், லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு, கைப்பற்றிய ஜெர்மன் தளவாடங்களின் வரிசை எண்களைச் சேகரிக்க ஆரம்பித்தது. டயர்கள், டாங்குகள், லாரிகள், பிறகு பறக்கும் குண்டுகள்வரை.

யோசனை எளிது. ஊருக்குள் 1-லிருந்து எண் போட்ட ஷேர் ஆட்டோக்கள் ஓடுகின்றன. மொத்தம் எத்தனை என்று தெரியாது. தெருவில் நின்று பார்த்ததில் 12, 31, 45, 60 என்று நான்கு ஆட்டோக்கள் போயின. குறைந்தது 60 இருக்கிறது. ஆனால், சரியாகக் கடைசி ஆட்டோவையே பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால், பார்த்ததிலேயே பெரிய எண்ணை எத்தனை பார்த்தோமோ அதனால் வகுத்து (60-ஐ 4-ஆல் வகுத்தால் 15), அதைப் பெரிய எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். 74 வருகிறது. ஏறக்குறைய 74 ஆட்டோக்கள்.

இது ஏதோ விடுகதைக் கணக்கு என்று தோன்றலாம். 1942 ஆகஸ்டில் ஜெர்மனி எத்தனை டாங்குகள் தயாரித்தது? உளவாளிகள் சொன்னது 1,550. எண்களை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மன் பதிவேடுகளைத் திறந்து பார்த்தால் இருந்தது 342! உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தகவலைவிட, உடைந்த இரும்பில் பொறித்த எண்கள் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தன.

ஜெர்மனியும் விழித்துக்கொள்ளாமல் இல்லை. விமானங்களின் வெர்க்நம்மர்களைத் தொடர்ச்சியாகக் கொடுக்காமல், ஆறு இலக்கத் தொகுதிகளாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டுக் குழப்பியது. அந்தக் குழப்பம் இன்றைய ஆய்வாளர்களையும் விட்டுவைக்கவில்லை. தேய்ந்துபோன ஒரே ஓர் இலக்கத்தை 3 என்று படிப்பதா, 8 என்று படிப்பதா என்பதில் விமானமே மாறிவிடும். அதோடு விமானியும், அவர் குடும்பமும்.

காட்டுக்குள் ஒரு விமானம்

எல்லா விமானமும் நொறுங்கித்தான் கிடைக்கும் என்றில்லை. 1989-ல், லெனின்கிராடுக்குக் கிழக்கே ஒரு காட்டில், மரங்களுக்கு நடுவே ஃபோக்கெ-வுல்ஃப் 190 ஒன்று கிட்டத்தட்ட முழுசாக உட்கார்ந்திருந்தது. 1943 ஜூலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. சுற்றிலும் காடு வளர்ந்து மூடிவிட்டது.

தகட்டில் எண் இருந்தது. எண்ணை வைத்து வரலாறு வந்தது: 54-வது போர் விமானப் படையைச் சேர்ந்தது, ஓட்டியவர் பவுல் ரேட்ஸ். இன்ஜின் திடீரென்று நின்றுபோக, மரங்களுக்கு இடையே வயிற்றில் இறக்கிவிட்டு நடந்தே தப்பிக்கப் பார்த்தார். சோவியத் வீரர்களிடம் சிக்கிக் கைதியானார்.

விமானத்தின் உடலில் பெரிய குண்டுக் காயம் இல்லையே, பிறகு ஏன் இன்ஜின் நின்றது? அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தபோது, ஆயில் போகும் வழியில் ஒரு துணி அடைத்திருந்தது. தானாகப் போய் அடைக்கும் இடம் அல்ல அது. ஜெர்மன் தொழிற்சாலைகளில் பிடித்துக்கொண்டு வரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கட்டாய வேலை செய்துகொண்டிருந்த காலம். அவர்களில் யாரோ, மாட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்த வேலை என்று கருதப்படுகிறது. விமானத்தின் எண் தெரிந்தது, இன்ஜினின் எண் தெரிந்தது, விமானியின் பெயர் தெரிந்தது. துணியைத் திணித்த கையின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

அதே விமானம், அதே பி.எம்.டபிள்யூ. இன்ஜினோடு பழுதுபார்க்கப்பட்டு, 2010 டிசம்பரில் அமெரிக்காவில் மறுபடி வானில் பறந்தது.

காசாகும் தகடுகள்

பறக்கும் நிலையில் இருக்கும் போர்க்கால விமானங்களுக்குக் கோடிக்கணக்கில் விலை. அதனால் தகட்டுக்கும் விலை வந்துவிட்டது. தகடு ஒன்று, கூடவே சில துருப்பிடித்த துண்டுகள். இவற்றை வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் புதிதாகச் செய்து, 'இது 1940-ல் பறந்த அதே விமானம்' என்று சொல்லும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. சட்டப்படி பல இடங்களில் அது செல்லும். நேர்மையா என்பது தனிக் கேள்வி. அரிவாள்மனைக்குக் கட்டையும் அலகும் மாறியது வேறு. கட்டையும் இல்லாமல் அலகும் இல்லாமல், ஒரு ஆணியை மட்டும் வைத்துக்கொண்டு 'பாட்டியுடையது' என்பது வேறு இல்லையா?

போலித் தகடுகளும் சந்தைக்கு வருகின்றன. பழைய எழுத்து அச்சு, புதிய அலுமினியம், கொஞ்சம் அமிலம் ஊற்றி 'வயது' ஏற்றல். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, ஆணித் துளைகளை. இறுக்கி அடித்த ஆணியைப் பிடுங்கிய தகட்டில் துளை ஓரம் நசுங்கியிருக்கும். ஆணியையே பார்க்காத துளை அப்படியே வட்டமாக இருக்கும்.

இதனால்தான் தோண்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பிரிட்டனில் 1986-ல் கொண்டுவந்த சட்டப்படி, ராணுவப் பணியின்போது விழுந்த எந்த நாட்டு விமானத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. உள்ளே மனித உடல் இருக்க வாய்ப்பு உண்டென்றால் உரிமம் கிடைப்பது அரிது. தகடு தேடிப் போகிறவர் கையில் எலும்பு அகப்படலாம் என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல.

வீட்டுப்பாடத்தில் கிடைத்த விமானி

2017 மார்ச். டென்மார்க்கின் வடக்கே பிர்கெல்ஸே என்ற கிராமம். 14 வயதுப் பையனுக்குப் பள்ளியில் இரண்டாம் உலகப்போர் பற்றி வீட்டுப்பாடம். 'போருக்குக் கடைசியில் ஒரு ஜெர்மன் விமானம் நம் வயலில்தான் விழுந்ததாம். தாத்தா சொல்வார். போய்த் தேடேன்' என்று வேடிக்கையாகச் சொன்னார் அப்பா. சொன்னவருக்கே நம்பிக்கையில்லை. விமானத்தை எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் அந்தக் குடும்பம் நினைத்திருந்தது.

அப்பாவும் மகனும் உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் நடந்தார்கள். கருவி 'பீப்' என்றது. மண்வெட்டி போதவில்லை, பக்கத்தில் கேட்டு மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவந்து சில மீட்டர் ஆழம் தோண்டினார்கள். முதலில் ஆயிரக்கணக்கில் உலோகத் துண்டுகள். பிறகு மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் இன்ஜின். பிறகு எலும்பும் துணியும்.

அத்தோடு தோண்டுவதை நிறுத்திவிட்டு போலீஸைக் கூப்பிட்டார்கள். சரியான முடிவு. வெடிக்காத தோட்டாக்கள் அங்கே இருந்ததால் வெடிகுண்டு நிபுணர்களும் வரவேண்டியிருந்தது. விமானியின் உடையில் சில காகிதங்களும், ஆல்போர்க் விமானத் தளத்தின் உணவு கூப்பன்களும் மிச்சமிருந்தன. 70 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பம் அதற்கு மேலேதான் உழுது, விதைத்து, மாடு மேய்த்திருக்கிறது.

ஜெர்மனியில் இப்படிக் கிடைக்கும் எண்களுக்காகக் காத்திருக்கும் அலுவலகம் உண்டு. காணாமல்போன, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குத் தகவல் சொல்வதற்காகவே பெர்லினில் பல ஆண்டுகள் இயங்கிய பிரிவு, 2019 முதல் ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தோடு இணைந்துவிட்டது. விமானத் தகட்டின் எண்ணும், கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையின் எண்ணும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. சில நேரம் தம்பியோ தங்கையோ உயிரோடு இருப்பார்கள். பல நேரம், பெரியப்பாவைப் படத்தில் மட்டுமே பார்த்த தலைமுறைதான் தொலைபேசியை எடுக்கிறது.

அந்த இன்னொரு இன்ஜின்?

மார்செய் கடலடியில், செந்த்-எக்சுபெரியின் விமானத்தோடு கிடந்த டெய்ம்லர்-பென்ஸ் இன்ஜினுக்கு வருவோம். லினோ ஃபான் கார்ட்சென் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அதைக் கையில் எடுத்தார். முதல் ஊகம் எவருக்கும் தோன்றக்கூடியதுதான்: இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று சுட்டு, ஒன்றாக விழுந்தனவா?

இன்ஜினில் எஞ்சிய அடையாளங்களையும் ஜெர்மன் பதிவுகளையும் வைத்துப் பார்த்ததில் அந்த ஊகம் உடைந்தது. அது மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்றின் இன்ஜின். ஓட்டியவர், பென்ட்ஹைம்-ஸ்டெயின்ஃபுர்ட் என்ற பழைய பிரபு வம்சத்து இளவரசர் அலெக்ஸிஸ். இருபது வயதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள்தான். 1943-ன் இறுதியில் அமெரிக்க விமானங்களோடு நடந்த சண்டையில் விழுந்தவர். செந்த்-எக்சுபெரி விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே! இரண்டு விமானங்களும் ஒரே இடத்தில் கிடந்தது தற்செயல்.

'குட்டி இளவரசன்' எழுதியவரின் விமானத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஓர் இளவரசனின் இன்ஜின். கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால், கார்ட்சென் அதோடு நிற்கவில்லை. இளவரசரைப் பற்றி விசாரிக்க, அந்த வட்டாரத்தில் பறந்த ஜெர்மன் விமானிகளில் உயிரோடு இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடித் தொலைபேசியில் பேசினார். அப்படி ஒரு நாள் அவர் பேசியது ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முதியவரிடம். போருக்குப் பிறகு ஜெர்மன் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். செந்த்-எக்சுபெரியைப் பற்றிக் கேட்டதும், இனி நீங்கள் தேட வேண்டாம், அவரைச் சுட்டது நான்தான் என்ற பொருளில் பதில் வந்தது.

2008-ல் இது வெளியானபோது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. இளம் வயதில் செந்த்-எக்சுபெரியின் புத்தகங்களை விரும்பிப் படித்ததாகவும், விமானத்தில் இருப்பது அவர் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்கமாட்டேன் என்றும் ரிப்பெர்ட் சொன்னார்.

வரலாற்றாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1944 ஜூலை 31 அன்று அவர் ஒரு பி-38 விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதாக ஜெர்மன் பதிவு எதுவும் அகப்படவில்லை. மேலே எடுத்த பாகங்கள் குறைவு; அவற்றில் தோட்டா பாய்ந்த தடயமும் உறுதியாகத் தெரியவில்லை. ரிப்பெர்ட் 2013-ல் இறந்துவிட்டார். 2734 என்ற எண் பொறித்த விமானத்தின் மிச்சங்கள், பாரிஸ் அருகே லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.